‘தெரியாது’ என்பதை அழிக்காத கோப்பு: காணாமல் ஆக்கப்பட்டோரின் விபரங்களைக் கணினியில் எழுதிவைப்பவர்களுக்கு

காணாமல் ஆக்கப்பட்ட உறவைத் தேடும் குடும்பங்களின் வீடுகளில் ஒரு பிளாஸ்ரிக் உறை இருக்கும். அதற்குள் அடையாள அட்டையின் பிரதி, பாடசாலைக் காலத்துப் படம், முறைப்பாடு கொடுத்த பற்றுச்சீட்டுகள், பதில் வராத கடிதங்களின் நகல்கள். செஞ்சிலுவைச் சங்கத்திடம் சொன்னார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் சொன்னார்கள். 2013 இல் நியமிக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழுவின் முன் சொன்னார்கள். 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்திடமும் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து. செஞ்சிலுவைச் சங்கத்திடம் மட்டும் 1990 முதல் 16,000 க்கு மேற்பட்டோர் பற்றிய பதிவுகள் இருக்கின்றன.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரில் பலர் இன்று உயிரோடு இல்லை. அந்த உறைகளில் உள்ளதையும், அவர்கள் நினைவில் உள்ளதையும் இப்போது அடுத்த தலைமுறை கணினிக்குள் ஏற்றத் தொடங்கியிருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும், கடல் கடந்த நகரங்களிலும், நிரல் எழுதத் தெரிந்த இளையோர் சிறு சிறு குழுக்களாக இந்த வேலையைச் செய்கிறார்கள்.

நான் கலகெதரவில் இருந்து வேலை செய்யும் ஒரு நிரலாளன். கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை ஊடாகக் குருநாகல் போகும் வீதியில் உள்ள ஊர் இது. போர் நடந்த இடம் அல்ல. ஆனால் 1977 கலவரத்தின் பின் மலையகத்தில் இருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். 2009 இல் அவர்களும் முள்ளிவாய்க்கால் வரை நடந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் பலரின் பிறப்புச் சான்றிதழில் பிறந்த மாவட்டம் கண்டி என்றுதான் இருக்கும். அதனால் இந்தப் பட்டியல்கள் என் மேசைக்கும் வந்துசேர்கின்றன. அவற்றோடு கேள்விகளும் வருகின்றன. பெரும்பாலானவை ஒரே விடயத்தைப் பற்றியவை: தரவைக் கோப்பாக எழுதும் நிரல் நூலகங்களை எப்படிப் பயன்படுத்துவது? அந்தக் கேள்விகளுக்கான பதில்களை இங்கே தொகுத்துத் தருகிறேன். நிரல் தெரியாதவர்களும் வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம். உங்கள் வீட்டு விபரத்தை ஒருவர் கணினியில் பதியும்போது எதைக் கேட்க வேண்டும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சீரியலைசேஷன் என்றால் என்ன?

ஒரு தாய் கிராம அலுவலரின் முன் அமர்ந்து தன் மகனைப் பற்றிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொல்வதில் ஊரும் நாளும் முகங்களும் சந்தேகங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அலுவலர் அதைப் படிவத்தில் கட்டம் கட்டமாக எழுதுகிறார். படிவத்தில் கட்டம் இல்லாத விடயம் எழுதப்படாது. வெறுமையாக விடக்கூடாத கட்டம் என்றால், ஏதோ ஒன்று எழுதப்படும். நாளை அந்தப் படிவத்தை எடுத்துப் பார்ப்பவருக்குத் தாய் சொன்னது கேட்காது. எழுதியது மட்டுமே தெரியும்.

கணினியிலும் இதுதான் நடக்கிறது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவரின் விபரம் நினைவகத்தில் ஒரு பொருளாக இருக்கிறது. மின்சாரம் போனால் அது போய்விடும். அதை வரிசையான எழுத்துகளாகவோ பைட்டுகளாகவோ மாற்றிக் கோப்பில் எழுதுவதே சீரியலைசேஷன்; தமிழில் தொடராக்கம் என்கிறார்கள். அந்தக் கோப்பை வாசித்து மீண்டும் பொருளாக்குவது அதன் மறுபக்கம். இதைச் செய்யும் ஆயத்த நூலகங்கள் எல்லா நிரல் மொழிகளிலும் உள்ளன. இரண்டு வரியில் வேலை முடிந்துவிடும். அந்த இரண்டு வரிக்குள் நூலகம் உங்களுக்காகப் பல முடிவுகளை எடுத்துவிடுகிறது என்பதுதான் சிக்கல். கடைக் கணக்கில் அந்த முடிவுகள் பெரிய பாதகம் செய்யாது. இங்கே அவை ஒரு மனிதனை இறந்தவனாகவோ பிறக்காதவனாகவோ ஆக்கிவிடக்கூடும்.

எந்த வடிவத்தில் எழுதுவது?

பைதன் மொழியில் ‘பிக்கிள்’ என்றொரு வழி உண்டு. பெரும்பாலான பொருள்களை அப்படியே கோப்பில் போட்டுவிடும். வசதியானது என்பதால் புதியவர்கள் பலர் அதைத்தான் எடுக்கிறார்கள். இந்த வேலைக்கு அது வேண்டாம். இரண்டு காரணங்கள்.

முதலாவது, பிக்கிள் கோப்பு பொருளின் உள்ளடக்கத்தோடு அது எந்த வகுப்பைச் சேர்ந்தது என்ற பெயரையும் எழுதிவைக்கிறது. நாளை நீங்கள் நிரலில் அந்த வகுப்பின் பெயரை மாற்றினால், அல்லது வேறு கோப்புக்கு நகர்த்தினால், பழைய தரவு திறக்காது. ஜாவாவின் உள்ளமைந்த தொடராக்கத்திலும் இதே பிணி உண்டு. வகுப்பின் பதிப்பெண் பொருந்தாவிட்டால் வாசிக்க மறுத்துவிடும். நிரலை எழுதிய தம்பி வெளிநாடு போய்விட்டால் அந்தக் கோப்பு பூட்டிய பெட்டிதான்.

இரண்டாவது, பிக்கிள் கோப்பைத் திறக்கும்போது அதற்குள் ஒளித்துவைத்த கட்டளைகளும் ஓடக்கூடும். நம்பிக்கையில்லாத இடத்திலிருந்து வந்த பிக்கிள் கோப்பைத் திறக்க வேண்டாம் என்று பைதனின் சொந்த ஆவணமே எச்சரிக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு யார் யாரோ கோப்பு அனுப்புவார்கள். இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

எளிய எழுத்துக் கோப்பாக உள்ள வடிவங்களை எடுங்கள். ஜேசன் நல்லது, எக்ஸ்எம்எல்லும் பரவாயில்லை. நிரல் எதுவும் இல்லாமல், சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து மனிதக் கண்ணால் வாசிக்கலாம். ஜேசனின் தர விதி 2017 டிசெம்பரில் வெளியானது. அதன்படி, அமைப்புகளுக்கு இடையில் பரிமாறும் ஜேசன் யூரிஎஃப்-8 குறிமுறையில் இருக்க வேண்டும். தமிழ் எழுத்துக்கு அதில் எந்தத் தடையும் இல்லை. இருபது ஆண்டுகளின் பின் இன்றைய நிரல்கள் எல்லாம் மறைந்துபோனாலும் அந்தக் கோப்பை ஒருவர் வாசிப்பார். நமக்கு வேண்டியது அந்த ஆயுள்.

வெறுமையான கட்டத்தை எப்படி எழுதுவது?

எனக்கு வரும் கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான். ‘இறந்த திகதி’ என்ற ஒரு கட்டத்தை எடுங்கள். அது வெறுமையாக இருந்தால் என்ன பொருள்? அவர் உயிரோடு இருக்கிறார் என்பதா? இறந்துவிட்டார், ஆனால் திகதி தெரியாது என்பதா? என்ன ஆனார் என்றே தெரியாது என்பதா? பதிந்தவர் கேட்க மறந்துவிட்டார் என்பதா? அல்லது, தாய் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்தார் என்பதா?

இந்த வேறுபாட்டுக்காக நம் குடும்பங்கள் எவ்வளவு போராடின என்பது வாசகர்களுக்குத் தெரியும். 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம், ஓராண்டுக்கு மேலாகக் காணாமற்போயிருப்பவரை இறந்தவராகப் பதிந்து இறப்புச் சான்றிதழ் பெற வழிசெய்தது. பிள்ளை இறந்ததற்குச் சாட்சியம் ஏதும் இல்லாமல் அந்தச் சான்றிதழை வாங்க மாட்டோம் என்று பல தாய்மார் மறுத்தார்கள். 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான், காணக்கிடைக்காமைக்கான சான்றிதழ் என்ற மூன்றாவது நிலையைக் கொண்டுவந்தது. உயிரோடு இருக்கிறார் என்றும் சொல்லாமல், இறந்தார் என்றும் சொல்லாமல், இருக்குமிடம் தெரியவில்லை என்று சொல்லும் ஆவணம் அது. சட்டமே ஏற்றுக்கொண்ட அந்த மூன்றாவது நிலையை உங்கள் நிரல் விழுங்கிவிடக்கூடாது.

நூலகங்கள் அதை எளிதாக விழுங்கிவிடும். ஜாவாவில் பரவலாகப் பயன்படும் ஜீசன் நூலகம், மதிப்பு ‘நல்’ ஆக இருந்தால் அந்தப் புலத்தையே கோப்பில் எழுதாமல் விட்டுவிடும். எழுது என்று நீங்கள் தனியாகச் சொன்னால்தான் எழுதும். அப்போது ‘தெரியாது’ என்று பதிந்ததும், கேட்கவே இல்லை என்பதும் கோப்பில் ஒன்றாகிவிடுகின்றன. கூகுளின் புரொட்டோபஃப் இன்னும் ஒருபடி மேல். அதன் மூன்றாம் பதிப்பில், எண் புலத்துக்கு மதிப்பு எதுவும் கொடுக்காவிட்டால் வாசிக்கும்போது 0 என்று வரும். ‘விருப்பத்துக்குரியது’ என்ற அடையாளத்தைப் புலத்துக்கு இட்டால்தான் கொடுத்த 0 க்கும் கொடுக்காத 0 க்கும் வேறுபாடு தெரியும். வயது தெரியாத நாற்பது பேரை அந்த அடையாளம் இல்லாமல் பதிந்தால், பட்டியலில் நாற்பது கைக்குழந்தைகள் தோன்றுவார்கள். அந்தப் பட்டியலை எதிர்த்தரப்பின் சட்டத்தரணி ஒருவர் கையில் எடுத்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். மீதி உண்மைகளும் அந்த நாற்பது பொய்யோடு சேர்ந்து தள்ளப்படும்.

ஆகவே வெறுமையை நம்ப வேண்டாம். ஒவ்வொரு முக்கிய புலத்துக்கும் பக்கத்தில் இன்னொரு புலம் வையுங்கள். அதில் ‘சொன்னார்’, ‘தெரியாது என்றார்’, ‘கேட்கவில்லை’, ‘சொல்ல விரும்பவில்லை’ என்ற நான்கில் ஒன்றைச் சொற்களாகவே எழுதுங்கள். கோப்பு சற்றுப் பெரிதாகும். அது பெரிய செலவு அல்ல.

திகதியை எப்படி எழுதுவது?

ஜேசனில் திகதிக்கென்று தனி வகை கிடையாது. எழுத்தாகவோ எண்ணாகவோதான் எழுத வேண்டும். இங்கே மூன்று குழிகள் உள்ளன.

முதற் குழி, பாதி தெரிந்த திகதி. “1965 இல் பிறந்தவர்” என்று மட்டும் தெரிந்தால், நிரல் மொழியின் திகதி வகை அதை ஏற்காது. பலர் 1965 ஜனவரி 1 என்று போட்டுவிடுகிறார்கள். பின்னர் அது உண்மையான பிறந்தநாளா, நிரப்பியதா என்று யாருக்கும் தெரியாது. ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரம் வெறும் ஆண்டையோ, ஆண்டையும் மாதத்தையும் மட்டுமோ எழுத இடம் தருகிறது. 2019 இல் வந்த அதன் இரண்டாம் பகுதி, நிச்சயமற்ற திகதியைக் கேள்விக்குறியோடு எழுதவும் வழி சொல்கிறது. திகதியை எழுத்தாகவே வைத்து, தெரிந்த அளவுக்கு மட்டும் எழுதுங்கள். “மாத்தளனில் இருந்து வெளிக்கிட்ட பிறகு, கப்பல் வந்துபோன அடுத்த நாள்” என்று தாய் சொன்னால், அந்த வாக்கியத்தையும் அப்படியே ஒரு புலத்தில் வையுங்கள். பின்னர் வேறொருவரின் சாட்சியத்தோடு பொருத்தித் திகதியைக் கண்டுபிடிக்க அது உதவும்.

இரண்டாம் குழி, நேர வலயம். 2009 மே 18 என்ற திகதியை ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் இலங்கை நேரப்படி நள்ளிரவாக உருவாக்கி ஜேசனாக எழுதினால், அது உலகப் பொது நேரத்துக்கு மாற்றி எழுதும். நமது நேரம் ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், கோப்பில் மே 17 மாலை 6.30 என்று விழும். திகதிப் பகுதியை மட்டும் வெட்டி எடுப்பவருக்கு மே 17 தான் தெரியும். அந்த வாரத்தில் ஒருநாள் வித்தியாசம் என்பது என்ன என்று நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாள் மட்டும் தெரிந்த இடத்தில் நேரம் கொண்ட வகையைப் பயன்படுத்தவே வேண்டாம்.

மூன்றாம் குழி நமக்கே உரியது. 1996 மே மாதம் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. அதே ஆண்டு ஒக்ரோபரில் அரை மணி பின்வாங்கியது. 2006 ஏப்ரலில்தான் மீண்டும் பழைய ஐந்தரை மணிக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே கடிகாரங்கள் பழைய நேரத்திலேயே ஓடின. ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்தவர்கள் கைக்கடிகாரத்தைத் திருத்திய காலம் அது. உலகக் கணினிகள் நம்பியிருக்கும் நேர வலயத் தரவுத்தளத்தில் இந்தச் செய்தி ஒரு குறிப்பாக இருக்கிறது, விதியாக இல்லை. அந்தத் தரவுத்தளத்துக்கு முழு இலங்கைக்கும் கொழும்பு நேரம் ஒன்றே.

எனவே 2001 இல் கிளிநொச்சியில் இரவு 11.45 க்கு நடந்த ஒரு சம்பவம், அரசு நேரப்படி மறுநாள் 12.15. யாழ்ப்பாணத்தில் அதே சம்பவத்தைப் பற்றி எழுதிய முறைப்பாட்டில் வேறு திகதி இருக்கலாம். இரண்டும் பொய் அல்ல. கேட்ட நேரத்தை மாற்றாமல் எழுதி, “வன்னி நேரம்” அல்லது “அரசு நேரம்” என்று பக்கத்தில் குறித்துவையுங்கள். நூலகத்தின் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவிடுங்கள்.

அடையாள அட்டை இலக்கம் எண்ணா?

பார்த்தால் எண்தான். ஆனால் நிரலில் அதை எழுத்துச் சரமாகவே வைக்க வேண்டும். அதை யாரும் கூட்டவோ கழிக்கவோ போவதில்லை. அது இலக்கங்களால் எழுதிய ஒரு பெயர்.

பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் கடைசியில் ஆங்கில வி அல்லது எக்ஸ் எழுத்தும் இருக்கும். 2016 முதல் வந்த புதிய முறையில் பன்னிரண்டு இலக்கங்கள், பிறந்த ஆண்டோடு தொடங்கும். பன்னிரண்டு இலக்கத்தை எக்செல் எண்ணாக எடுத்தால், அதைச் சுருக்கி அடுக்குக்குறி வடிவில் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் காட்டிய சுருக்கம்தான் எழுதப்படும். கடைசி இலக்கங்கள் திரும்பக் கிடைக்காது. தொலைபேசி எண்ணில் முன்னால் உள்ள 0 காணாமற்போவதும் இப்படித்தான். நெடுவரிசையை ‘எழுத்து’ வகையாக முதலில் மாற்றிவிட்டுப் பிறகு பதியுங்கள்.

தமிழ் ஏன் குப்பையாகத் தெரிகிறது?

இந்தக் கேள்விக்குப் பின்னால் மூன்று வேறு காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று, குப்பை இல்லாத குப்பை. பைதனின் ஜேசன் நூலகம் இயல்பாகவே ஆங்கிலம் அல்லாத எழுத்துகளைப் பின்சாய்கோடு போட்ட குறியீட்டு எண்களாக எழுதும். தரவு பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணால் வாசிக்க முடியாது. ‘என்ஷுவர் ஆஸ்கி’ என்ற தெரிவை ‘இல்லை’ என்று கொடுத்து, கோப்பை யூரிஎஃப்-8 இல் திறந்து எழுதினால் தமிழ் தமிழாகவே விழும்.

இரண்டு, பாமினி. தொண்ணூறுகளிலும் அதன் பின்னும் நாம் தட்டச்சுச் செய்த பட்டியல்களில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் உள்ளது. அங்கே கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். தமிழ் வடிவம் எழுத்துருவில் மட்டும். நூலகம் எந்த முறைப்பாடும் இல்லாமல் அதை ஜேசனாக எழுதிவிடும். முதலில் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். ஆனால் முழுக் கோப்பையும் மாற்றியில் போட்டுவிடாதீர்கள். பாமினியில் ஆங்கிலப் பெரிய வி எழுத்து ‘ஏ’ ஆகும். எக்ஸ் ‘ஓ’ ஆகும். அடையாள அட்டை இலக்கங்களின் கடைசி எழுத்துகள் எல்லாம் ஏ, ஓ என்று மாறிவிடும். எந்த நெடுவரிசை தமிழ் என்று பார்த்து அதை மட்டும் மாற்றுங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

மூன்று, கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு. ‘கொ’ என்ற எழுத்தை ஒருங்குறியில் இரண்டு விதமாக எழுதலாம்: மெய்யோடு முழு ஒகரக் குறியைச் சேர்த்து, அல்லது எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்து. திரையில் இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. கோப்பில் எழுதுமுன் ‘என்எஃப்சி’ என்ற இயல்பாக்கம் செய்தால் இது தீரும். ஆனால் ‘கௌரி’ என்ற பெயரை ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் போட்டு ‘கெளரி’ என்று தட்டுபவர்கள் ஏராளம். இதை இயல்பாக்கம் திருத்தாது. ஏனென்றால் கணினியின் கணக்கில் அவை இரண்டு வேறு சொற்கள். ஊர்ப் பெயரும் அப்படியே. எங்கள் ஊரையே ‘கலகெதர’, ‘கலகெதரை’, ‘கலகெதற’ என்று வெவ்வேறு விதமாக எழுதியிருக்கிறார்கள். சிங்களத்தில் உள்ள பிறப்புச் சான்றிதழிலிருந்து ஒவ்வொருவரும் தன் காதுக்குக் கேட்டபடி எழுதியதன் விளைவு அது.

இது எழுத்துப்பிழை பற்றிய கவலை மட்டும் அல்ல. 2018 டிசெம்பரில் மனித உரிமைத் தரவுப் பகுப்பாய்வுக் குழுவைச் சேர்ந்த பற்றிக் போலும், சர்வதேச உண்மைக்கும் நீதிக்குமான செயற்றிட்டத்தின் பிரான்செஸ் ஹரிசனும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2009 மே 17 முதல் 19 வரையான மூன்று நாட்களில் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 500 பேர் என்று அது மதிப்பிட்டது. வெவ்வேறு தரப்பினர் தொகுத்த பட்டியல்களை ஒப்பிட்டு, எந்தப் பட்டியலிலும் வராதவர்களின் எண்ணிக்கையைக் கணிப்பதே அந்த முறை.

அதன் அடிப்படை எளிது. தனித்தனியாகத் தொகுத்த இரண்டு பட்டியல்களில் நூறு நூறு பேர் இருந்து, ஐம்பது பேர் இரண்டிலும் இருந்தால், மொத்தம் இருநூறு என்று கணிக்கலாம். பொதுவானவர்களில் பாதிப்பேரை எழுத்து வேறுபாட்டால் நாம் அடையாளம் காணாமல் விட்டால், பொதுவானவர்கள் இருபத்தைந்து ஆகிவிடுவார்கள். கணிப்பு நானூறாக ஏறிவிடும். மாறாக, ஒரே பெயர் கொண்ட இருவரை ஒருவராக்கினால் கணிப்பு இறங்கிவிடும். ஒரு கொம்பும் ஒரு ளகரமும் இவ்வளவு செய்யும். மூலத்தில் எழுதியிருந்தபடியே பெயரை ஒரு புலத்திலும், ஒப்பிடுவதற்காகத் திருத்திய வடிவத்தை இன்னொரு புலத்திலும் வையுங்கள். திருத்தியதை மூலத்தின் மேல் எழுதாதீர்கள்.

ஏற்கெனவே யாராவது வடிவம் அமைத்திருக்கிறார்களா?

அமைத்திருக்கிறார்கள். 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையின் பின் சில வாரங்களில், இலங்கை நிரலாளர்கள் தொண்டர்களாகக் கூடி ‘சஹானா’ என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை எழுதினார்கள். லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷன் அதை வளர்த்தது. நிவாரணம் என்று பொருள்படும் சிங்களச் சொல்லில் இருந்து வந்த பெயர் அது. காணாமற்போனோர் பதிவேடு அதன் ஒரு பகுதி. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006 ஆம் ஆண்டுச் சமூகப் பயன் விருது சஹானாவுக்குக் கிடைத்தது.

2005 இல் அமெரிக்காவைக் கத்ரீனா புயல் தாக்கியபோது, காணாமற்போனோரின் பட்டியல்கள் பல இடங்களில் சிதறிக் கிடந்தன. அவற்றை இணைக்க ‘பீப்பிள் ஃபைண்டர் இன்டர்சேஞ்ச் ஃபோர்மட்’ என்ற எக்ஸ்எம்எல் வடிவம் உருவானது. 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போது கூகுள் தொடங்கிய ‘பேர்சன் ஃபைண்டர்’ இதைத்தான் பயன்படுத்தியது.

இந்த வடிவத்தில் நாம் கற்க வேண்டியவை மூன்று. முதலில், ஒருவரின் நிலைக்கு ‘உயிருடன்’, ‘இறப்பு’ என்று இரண்டு கட்டம் மட்டும் அதில் இல்லை. ‘தகவல் தேடப்படுகிறது’, ‘இதை எழுதுபவர் அவரே’, ‘உயிருடன் இருப்பதாக நம்பப்படுகிறது’, ‘காணவில்லை என நம்பப்படுகிறது’, ‘இறந்ததாக நம்பப்படுகிறது’ என்று ஐந்து நிலைகள். ‘நம்பப்படுகிறது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அடுத்து, ஆளின் விபரம் ஒரு பதிவு. அவரைப் பற்றி யார், எப்போது, என்ன சொன்னார் என்பவை தனித்தனிக் குறிப்புகள். புதிய தகவல் பழையதை அழிப்பதில்லை. அதன் அருகில் சேர்கிறது. கடைசியாக, பிறந்த திகதியைப் பாதியாக எழுதலாம். வயதை ஒரு வீச்சாகவும் தரலாம்.

ஆனால் அது இயற்கை அனர்த்தத்துக்கு அமைத்த சட்டை. “வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளித்தோம்” என்பதற்கு அதில் கட்டம் இல்லை. கடைசியாக யாருடைய பொறுப்பில் இருந்தார், கையளித்ததை யார் கண்டார், எந்த வாகனத்தில் ஏற்றப்பட்டார் என்ற புலங்களை நாமே சேர்க்க வேண்டும். நம் வழக்கின் உயிர் அந்தப் புலங்களில்தான் இருக்கிறது.

எதைக் கோப்பில் எழுதக்கூடாது?

நூலகத்திடம் ஒரு பொருளைக் கொடுத்தால், அதற்குள் உள்ள அனைத்தையும் எழுதுவதே பொதுவாக அதன் இயல்பு. பத்திரிகையாளருக்கோ ஆய்வாளருக்கோ பெயர்ப்பட்டியல் அனுப்பும்போது, சாட்சி சொன்னவரின் தொலைபேசி எண்ணும், அவர் இன்று வாழும் கிராமமும் சேர்ந்தே போய்விடும். ஜாவாவில் ‘ட்ரான்சியன்ற்’ என்று குறித்த புலத்தை உள்ளமைந்த தொடராக்கமும் ஜீசனும் விட்டுவிடும். ஆனால் “இதை விடு” என்று சொல்வதைவிட “இவற்றை மட்டும் எழுது” என்று சொல்வது பாதுகாப்பானது. விலக்க மறந்தால் ஒருவருக்கு ஆபத்து. சேர்க்க மறந்தால் இன்னொரு முறை அனுப்பலாம். வெளியே போகும் கோப்புக்குத் தனி வகுப்பு ஒன்றை எழுதுங்கள். சாட்சிகளின் விபரத்தை வேறு கோப்பில், குறியாக்கம் செய்து வையுங்கள்.

நாளை வேறொருவர் திறக்கும்போது?

உங்கள் நிரல் வளரும். புதிய புலங்கள் சேரும். ஒருவரின் மடிக்கணினியில் பழைய பதிப்பு இருந்தால் என்ன ஆகும்? ஜாக்சன் நூலகத்தின் இரண்டாம் பதிப்பு அறியாத புலத்தைக் கண்டால் இயல்பாகப் பிழை காட்டி நின்றுவிடும். எரிச்சலாக இருக்கும், ஆனால் அது நன்மைக்கே. ஜீசன் எதுவும் சொல்லாமல் புலத்தைத் தள்ளிவிட்டு மீதியை வாசிக்கும். அவர் ஒரு திருத்தம் செய்து சேமித்ததும், புதிய புலத்தில் இருந்த சாட்சியம் கோப்பிலிருந்து போய்விடும். யாரும் அழிக்கவில்லை, ஆனால் இல்லை.

ஆகவே ஒவ்வொரு கோப்பின் தலையிலும் பதிப்பெண் எழுதுங்கள். பொருந்தாவிட்டால் நிரல் நிற்கட்டும். புதிய நூலகத்தையோ பதிப்பையோ எடுக்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள்: கோப்பை வாசித்து, எதையும் மாற்றாமல் மீண்டும் எழுதி, இரண்டையும் ஒப்பிடுங்கள். சோதனைக் கோப்பில் வயது தெரியாதவர், ஆண்டு மட்டும் தெரிந்தவர், கௌரி என்ற பெயருள்ளவர், வன்னி நேரத்தில் பதிந்தவர் என்று கடினமானவர்களையே போடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் அந்த நூலகம் வேண்டாம், அல்லது அதன் அமைப்பைத் திருத்துங்கள். ஒவ்வொரு புலத்துக்கும் என்ன பொருள் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கோப்போடு வையுங்கள். ஒரு பிரதியைத் தாளில் அச்சிட்டு, அந்தப் பிளாஸ்ரிக் உறைக்குள் வைக்கக் குடும்பத்தாரிடமே கொடுங்கள். அவர்கள் வாசித்து “நான் இப்படிச் சொல்லவில்லையே” என்று சொன்னால், அதைவிட நல்ல சோதனை வேறில்லை.

நம் விபரங்களைக் கேட்டவர்கள் பலர். படிவத்தின் வெறுமையான கட்டங்களைத் தமக்கு வசதியானபடி நிரப்பிக்கொண்டவர்களும் இருந்தார்கள். நாமே நம் பட்டியலை எழுதும்போது அதே வேலையை ஒரு நூலகத்தின் இயல்புத் தெரிவிடம் விட்டுவிடக்கூடாது. ஒரு தாய் “தெரியாது” என்று சொன்னால், அதற்கான பதிலைச் சொல்ல வேண்டியவர் வேறு யாரோ ஒருவர். அவர் பதில் சொல்லும் நாள்வரை அந்தச் சொல் கோப்பில் இருக்க வேண்டும்.